களத்தின் நடுவே ஒரு கொட்டகை

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சுதா போன் செய்தாள். “மாமா, உக்காந்திருக்கீங்களா?” என்று கேட்டாள். நின்றுகொண்டுதான் இருக்கிறேன், சொல்லு என்றேன். “கலியமூர்த்தி சார் காலையில போயிட்டாங்க.” அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். இந்த வருஷத்தில் சாவுச் சேதி கேட்டு இப்படி உட்காருவது நான்காவது தடவை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

இந்த நினைவு மலரைப் படிக்கிற, சாரிடம் படித்த உங்களுக்கு அவரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தஞ்சாவூர் பைபாஸில் இருக்கும் நம் கட்டடக்கலைக் கல்லூரியில் அவர் டிசைன் சொல்லிக்கொடுத்தார். நான் அங்கே ஒர்க்‌ஷாப் மேஸ்திரி. எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் கடலூரிலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும் நான் கை வைக்காத கட்டடம் கிடையாது. ரசமட்டம் பொய் சொன்னாலும் சொல்லும், என் கண் சொல்லாது. துபாயிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து கூப்பிட்டான், போகவில்லை. சாருக்கும் எனக்கும் தினம் தகராறு. பார்த்தால் பிடிபட வேண்டும், அதுதான் வேலை என்பேன் நான். “காரணம் சொல்ல முடியாத கோட்டை அழிச்சிடு” என்பார் அவர். என் கதைகளையும் அப்படித்தான் கேட்பார். முழுவதும் கேட்டுவிட்டு, தாடையைச் சொறிந்துகொண்டே, “நல்லா இருக்கு மேஸ்திரி. தூண் எங்க நிக்குது?” என்பார்.

சுதா இரண்டாம் வருஷம் படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நெல் கொள்முதல் நிலையம் ஒன்றை வரையச் சொல்லியிருந்தார் சார். எல்லோரும் ரோட்டை ஒட்டிக் கொட்டகையைப் போட்டு, பின்னால் நெல் காயப்போடும் களத்தைப் போட்டார்கள். லாரி வந்து நின்று ஏற்றிக்கொண்டு போகலாம், கணக்காக இருந்தது. சுதா மட்டும் களத்தின் நட்ட நடுவில் கொட்டகையைப் போட்டிருந்தாள். களம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. லாரி சுற்றி வளைத்து வர வேண்டும். ஏன் என்று சார் கேட்டார். “தோணிச்சு சார்” என்றாள். தோன்றினால் போதாது, காரணத்தோடு வா என்று அனுப்பிவிட்டார். மூன்று தடவை இப்படியே நடந்தது.

அந்தப் பாடத்தில் தோற்றால் அவளுக்கு ஒரு வருஷம் போச்சு. அவள் அப்பா, திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போய் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த மனுஷன், ஒரு வருஷம் தவறினாலும் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஒர்க்‌ஷாப்பில் அட்டை வெட்ட வந்தவள், வெட்டாமல் கத்தியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. தேர்வுக்கு வரப்போகிறவர் மெட்ராஸ்காரர். அவருக்கு வாடை தெரியுமா, கொண்டல் தெரியுமா? ஒரு காரணத்தை நான் செய்து கொடுத்தேன். வாடைக்காற்று நாலு பக்கமும் புகுந்து நெல்லை உலர்த்தும், அதனால்தான் கொட்டகை நடுவில் என்று. நானே மெச்சிக்கொண்டேன்.

தேர்வில் சுதா அதை ஒப்பித்ததும் மெட்ராஸ்காரர் தலையாட்டிவிட்டார். சார் மாயவரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் என்பதுதான் எனக்கு மறந்துபோயிற்று.

“வாடை மழையைக் கொண்டாரும். அது எப்படிம்மா நெல்லைக் காய வைக்கும்?”

ஹாலே சிரித்தது. சுதா தலை நிமிரவில்லை. சார் அவளைப் பார்க்கவில்லை, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். வெளியே வந்து, “தோணிச்சுன்னு சொன்னாளே, அது உண்மை மேஸ்திரி. நீங்க அவகிட்டேர்ந்து அதையும் பிடுங்கிட்டீங்க” என்றார். நாற்பது வருஷ வேலையில் சாரம் சரிந்தபோதுகூட நான் அப்படி நின்றதில்லை.

அவர் மார்க் போடவில்லை. மறுநாள் காலையில் காலேஜ் மைதானத்தில், கபடிக்குக் கோடு போடுவதுபோல, சுண்ணாம்புப் பொடியால் இரண்டு களத்தையும் நிஜ அளவில் வரைய வைத்தார். மற்றவர்கள் வரைந்தது ஒன்று, சுதா வரைந்தது ஒன்று. அவளை உள்ளே போய் நிற்கச் சொன்னார். அவள் தன் களத்தில் நடந்து போய், இடுப்பில் கை வைத்து, மேற்கே அண்ணாந்து பார்த்தாள்.

“என்னம்மா பாக்குறே?”

“மானம் கறுக்குதான்னு பாக்குறேன் சார்.” அப்புறம் அவளே சொன்னாள்: “எங்க ஊர்ல கொட்டகை ஒரு கடைசியில இருக்கும். அம்மாவும் நானும் கூடையில அள்ளிக்கிட்டு ஓடுவோம். மூணாவது நடை ஓடுறதுக்குள்ள குவியல் நனைஞ்சிடும். ஈரப்பதம் கூடன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. நடுவுல இருந்தா எந்தக் குவியலுக்கும் பாதிக் களம் ஓடினாப் போதும் சார்.”

சார் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கோட்டுக்குள்ளும் ஒரு வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயசு, சர்க்கரை வேறு. மூச்சு வாங்க வந்து, பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: “தோணினது தப்பில்லை. எங்கேர்ந்து தோணிச்சுன்னு கேக்காம மூணு தடவை திருப்பி அனுப்பினது என் தப்பு.” சுதா பாஸ். அந்தச் சுதாதான் இன்றைக்கு அதே வகுப்பில் டிசைன் சொல்லிக்கொடுக்கிறாள். நினைவு மலருக்கு எழுதுங்கள் என்று என்னைக் கேட்டவளும் அவள்தான். “நீங்க எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்க மாமா, சாருக்கும் அது பிடிக்கும்” என்றாள்.

நான் எப்போதும் எப்படிச் சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை கல்யாணத்தில், எத்தனை டீக்கடையில் கேட்டிருப்பீர்கள். மைதானத்தில் கோடு போடுகிற யோசனை என்னுடையது, சார் வேண்டாம் என்றார், நான் விடவில்லை என்று. சார் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. தாடையைச் சொறிவதோடு சரி.

இனிமேல் சொறிய ஆள் இல்லை. அலுப்பாக இருக்கிறது, பழைய மாதிரி சொல்ல வாய் வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது ‘தூண் எங்க நிக்குது’ என்ற அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பதிலை இங்கே எழுதிவைக்கிறேன். காரணத்தைப் பொய்யாகச் செய்து கொடுத்தவன் நான். சுண்ணாம்புக் கோடு சார் போட்டது.