கடலிலேயே திருப்பிப் போட்ட பேங்க் பெட்டி

1. பலகை

ரிப்பன் வெட்ட அரை மணி நேரம்தான் இருந்தது. லாசர் தாத்தா சுவரில் மாட்டிய ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இதை அழிக்காம நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் அது. நான் அந்த பேங்க் கிளையில் ஹெட் கேஷியர், ரிட்டயராகச் சில மாதங்கள்தான் பாக்கி. மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயசு, தங்கமான பிள்ளை. ஆனால் சும்மா இருக்க மட்டும் அவருக்குத் தெரியாது. ஆண்டு விழாவுக்கு 'ஹெரிடேஜ் வால்' வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஸ்டோர் ரூமில் பழைய இரும்புப் பெட்டி ஒன்று கிடந்தது. நாங்கள் அதில் டீ கிளாஸ் வைத்திருந்தோம். அதற்கு வெள்ளி பெயிண்ட் அடித்து ஹாலுக்குக் கொண்டுவந்தார். மேலே ஃப்ளெக்ஸில் அதன் கதை, பக்கத்தில் செல்ஃபி எடுக்க இடம்.

கதை என்னவோ ஊரறிந்ததுதான். முப்பதுகளில் உலகம் பூராவும் வியாபாரம் படுத்துவிட்டது. இங்கே உப்பையும் கருப்பட்டியையும் கேட்க ஆளில்லை. சனங்கள் தாலிச் சங்கிலி வரைக்கும் பேங்கில் அடகு வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மூன்று பேர் கொள்ளையடிக்க வந்தார்கள். பெட்டியைத் திறக்கத் தெரியவில்லை. அப்படியே தூக்கி ஒரு வள்ளத்தில் ஏற்றினார்கள். பாரம் தாங்காமல் கொஞ்ச தூரத்திலேயே வள்ளம் கவிழ்ந்தது. கடல் வழியாகத் தப்பிக்கிறவர்களில் ஒருத்தனுக்காவது வள்ளம் விடத் தெரிந்திருக்க வேண்டாமா? நீந்திக் கரையேறிய மூன்று பேரையும் மீன் விற்கிற பெண்களே பிடித்துக் கொடுத்தார்கள்.

முங்கிப் போன பெட்டியைக் கடலுக்குள் இறங்கி எடுத்தவர் சிலுவை. முத்துக்குளிக்கிறவர், லாசர் தாத்தாவின் அப்பா. ஃப்ளெக்ஸில் மேனேஜர் இப்படி எழுதியிருந்தார்: 'பங்கு கேட்டு மிரட்டிய சிலுவையும் கொள்ளையரோடு கைதானார்.'

2. பங்கு

"தாத்தா, நான் பொய் எழுதலைங்க. அவர் பங்கு கேட்டது நெசந்தானுங்களே?" என்றார் மேனேஜர்.

"கேட்டாரு. கேக்காம பின்ன? முத்துக்குளிச்சா மூணுல ஒரு பங்கு குளிக்கிறவனுக்கு. சர்க்காரே கரையில சிப்பியைக் குமிச்சு, பிரிச்சுக் குடுத்துச்சு."

"அது சிப்பிக்குங்க. இது பேங்க் பெட்டிங்க."

"கடலுக்குள்ள கெடந்தா எல்லாம் ஒண்ணுதான் அவருக்கு. மூச்சை அடக்கி உள்ள போனது அவருல்லா?"

டெபாசிட் கட்ட வந்திருந்த பலசரக்குக் கடை அண்ணாச்சி விடுவாரா? "அப்போ மேனேஜர் சார், லாக்கர்ல இருந்து நகையை நானே எடுத்தா எனக்கும் ஒரு பங்கு உண்டுமா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

எனக்குக் கதை தெரியும். ஆனாலும் மேனேஜர் காதில் விழட்டும் என்று கேட்டேன். "பங்கு கெடையாதுன்னதும் அப்பா என்ன செஞ்சாரு, தாத்தா?"

"எடுத்த எடத்துலயே கொண்டு போட்டுட்டாரு. பெட்டியைத் திருப்பி வள்ளத்துல ஏத்தி, அங்கனயே எறக்கி, அடையாளத்துக்கு மேல ஒரு கட்டையை மெதக்கவிட்டாரு. 'உங்க சாமான் பத்திரமா இருக்கு. நீங்களே போயி எடுத்துக்கிடுங்க'ன்னாரு."

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாத்தா சிரிக்கவில்லை.

"களவாணின்னா கொண்டுட்டு ஓடுவாம்லா? இவரு கொண்டு வச்சுட்டு வந்தாரு. அதுக்குப் பிடிச்சு லாக்கப்புல போட்டாவ. வேற ஒருத்தரும் கடல்ல எறங்க மாட்டேன்னுட்டாவ. கடைசியில இவரையே கூட்டிட்டு வந்து எறக்குனாவ. எடுத்துக் குடுத்தாரு. ஊர்ப் பொம்பளையளுக்குத் தாலி கெடச்சுச்சு. இவரைத் திருப்பி ஜெயிலுக்குக் கொண்டு போய்ட்டாவ."

"கூலியாவது குடுத்தாவளா?" என்றார் அண்ணாச்சி.

"வெத்தலை குடுத்தாவளாம்." தாத்தாவின் குரல் கம்மியது. "பள்ளிக்கூடத்துல எம்பேரு பெட்டிக்களவாணி மவன். அந்தப் பேரை இப்பதான் ஊரு மறந்துச்சு. நீங்க பெயிண்ட் அடிச்சு ஹால்ல வச்சிருக்கிய."

மேனேஜருக்குப் பாவம், வியர்த்துவிட்டது. "சரிங்க தாத்தா, அப்பா பேரையே எடுத்துடறேனுங்க."

"பேரை எடுக்கப்படாது! அப்புறம் பெட்டி எப்படி மேல வந்துச்சாம், தானா நீந்தியா?"

ரீஜினல் மேனேஜரின் கார் சாயர்புரம் தாண்டிவிட்டதாக போன் வந்தது. நான் ஒரு வெள்ளைத்தாளை வெட்டி, மார்க்கரால் எழுதி, அந்த வரியின் மேல் ஒட்டினேன். 'இந்தப் பெட்டியைக் கடலிலிருந்து இரண்டு தடவை எடுத்துத் தந்தவர் சிலுவை. அவர் பங்கு இன்னும் நிலுவையில் உள்ளது.'

"மேடம், ரெண்டாவது வரி வேணுங்களா? ஆடிட்ல கேப்பாங்க" என்றார் மேனேஜர் என்னிடம்.

"கேக்கட்டும் சார். அதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயிருவேன்லா."

ரீஜினல் மேனேஜர் வந்து வாசித்தார். விவரம் கேட்டார். "ஐயா, இப்ப பங்கு கேக்கப் போறீங்களா?" என்றார்.

"கேட்டா என்னையும் பிடிச்சு உள்ள போடுவியளோன்னு யோசிக்கேன்" என்றார் தாத்தா. ரீஜினல் மேனேஜர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை.

எல்லாரும் கேக் சாப்பிடப் போனபின் தாத்தா ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார். யாரென்று தெரியாத ஒரு பெண் டோக்கனோடு நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, "ஏளா, இது எங்கப்பா" என்றார்.

பேங்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லுதேன். கணக்குத் தொடங்க வருகிறவரிடம் ஆதார், பான், போட்டோ என்று எத்தனை கேட்கிறோம். அவர் வீட்டு ஆளைப்பற்றி நாம் சுவரில் எழுதும்போது மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேளுங்கள். அவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார்.