காயல்பட்டினத்து நடுப் பெட்டி

1. மேளம் உண்டு, ஆள் சத்தம் இல்லை

"ஏலே தங்கராசு, காயல்பட்டினத்துல ஒரு சரவுண்ட் செட்டு. பாட்டு போட்டா மேளம் வருதாம், பாடுத ஆள் சத்தம் வரலையாம். டிவியில செய்தி வாசிக்கவ வாய மட்டும் அசைக்காளாம். போயி என்னன்னு பாத்துட்டு வாலே."

ஜங்ஷன் பக்கம் நான் வேலை பார்த்த டிவி கடையின் முதலாளி, காலையில் ஷட்டரைத் தூக்கினதுமே இப்படிச் சொன்னார். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறுகளில் வளைகுடாவிலிருந்து வரும் சாமான்களுக்கு எங்கள் பக்கத்தில் மெக்கானிக் குறைவு. உள்ளூர் ஆள் கைவிட்டதெல்லாம் எங்கள் கடைக்கு வந்து சேரும்.

"உள்ளூர்ல யாரும் பாக்கலையா அண்ணாச்சி?"

"பாத்துருக்கான். ஐ.சி. போச்சுன்னுட்டானாம்."

எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வரும். தெரியாதவன் கையில் எல்லா செட்டுக்கும் உள்ளே இருக்கிற ஐ.சி. சில்லுதான் போகும். மேளம் வருகிறதென்றால் ஆம்ப்ளிஃபயர் உயிரோடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதைக்கூட யோசிக்காமல் திருப்புளியைத் தூக்குகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மீட்டரையும் நாலு பின் வயரையும் பையில் போட்டுக்கொண்டு திருச்செந்தூர் பஸ் ஏறினேன். அங்கே இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது.

2. இரண்டு வீட்டுக்கும் நடுவில்

அந்த ஊர் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விஷயம் புரியாது. அங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். அந்த வீட்டு மாப்பிள்ளை ஜலீல். சவூதியில் வேலை. தாயார் வீடு இரண்டு தெரு தள்ளி. கடைசி விடுமுறையில் வந்தபோது, ஊர் திரும்புகிற யாரிடமோ பழசாக வாங்கின சரவுண்ட் செட் ஒன்றைக் கொண்டுவந்து மாமனார் வீட்டில் வைத்திருக்கிறார். மாட்டுவதற்குள் லீவு முடிந்துவிட்டது.

மாமனார் ஹாஜியார் என்னை முன்கட்டில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். "டிவி சத்தம் எங்களுக்குப் போதும் தம்பி. மாப்பிள்ளையோட உம்மாவுக்குக் காது மந்தம். அவர் அங்கிருந்து வீடியோ கேசட்டுல பேசி அனுப்புறார். டிவியில இருக்கிற சின்ன ஸ்பீக்கர்ல அது அவங்க காதுக்கு எட்டலைண்டுதான் இதக் கொண்டாந்தார்" என்றார்.

"இப்ப அவங்க கேட்டாங்களா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அவங்க இப்ப இங்க வர்றதில்ல."

செட்டைச் சரிசெய்வதைவிட வாயை அடக்குவதுதான் எனக்குக் கஷ்டம் என்று என் மனைவி சொல்வாள். அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். மீதியைத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து ஜலீலின் மனைவி பாத்திமாதான் சொன்னது. தன் தங்கை கல்யாணத்துக்கு மாமியாரை நேரில் போய் அழைக்காமல் ஆள் மூலம் சொல்லிவிட்டிருக்கிறார்கள். அழையாத வாசலை மிதிக்க மாட்டேன் என்று அந்த அம்மாள் இருந்துவிட்டார். போய்க் கூப்பிட்டால் தாழ்ந்துபோவோம் என்று இவர்கள் இருந்துவிட்டார்கள்.

செட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வி.சி.ஆரிலிருந்து சிவப்பு, வெள்ளைப் பின்கள் சரியாக வந்திருந்தன. டிவியின் ஆடியோ அவுட்டும் சரி. முன்னால் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. நடுவில் மாட்டவேண்டிய இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

ரிமோட்டில் டெஸ்ட் டோன் என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றிவரும். அழுத்தினேன். இடது பக்கம் இரைந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு வலது பக்கம், பிறகு பின்னால். அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் வியாதி. அந்தக் காலத்து சரவுண்ட் செட்டுகள் மனிதர் பேசும் பேச்சைத் தனியாகப் பிரித்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். அந்த ஸ்பீக்கர் இல்லையென்றால் பேச்சு போக இடமில்லை.

"ஹாஜியார், இதுக்கு நடுவுல வைக்க நீளமா ஒரு பெட்டி உண்டே, எங்க?"

"அது லக்கேஜ்ல இடமில்லாம, வேற ஒரு சபராளி கையில வந்துச்சு." வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களை அங்கே சபராளி என்பார்கள். "அவருக்கு மாப்பிள்ளையோட தாயார் வீடுதான் தெரியும். அங்க குடுத்துட்டுப் போயிட்டார்."

"வாங்கிட்டு வந்துரலாமே."

"கேட்டு ஆள் அனுப்ப முடியாது தம்பி. வேற வழி இருந்தா பாருங்க." மதியத் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

3. நான் பார்த்த வேறு வழி

திரைக்குப் பின்னாலிருந்து பாத்திமா கேட்டது. "அண்ணே, அந்தப் பெட்டி இல்லாம சரிவராதுதானே?"

இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். சரிவராது என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அது. ஒரு மடையனுக்குக்கூட விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. என் தொழிலைக் குறைத்துப் பேசுவதாகத்தான் பட்டது.

"அதெல்லாம் வரும்மா. வரவைக்கேன் பாருங்க" என்றேன்.

பாத்திமா திரைக்குப் பின்னாலிருந்து உள்ளே போய்விட்டது.

செட்டில் சென்டர் மோட் என்று ஒன்று இருக்கும். அதில் நார்மல் என்று வைத்திருந்ததை ஃபேண்டம் என்று மாற்றினேன். நடு ஸ்பீக்கர் இல்லாத வீட்டுக்கு ஏற்பாடு அது. பேச்சை இடமும் வலமும் பகிர்ந்து கொடுத்துவிடும். ஐ.சி.யும் போகவில்லை, வயரும் போகவில்லை. ஒரு பட்டன், அவ்வளவுதான். ஜலீலின் கேசட்டைப் போட்டேன். டிவி திரையில் ஒரு மெலிந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறை நிறைய அவர் குரல் வந்தது.

"உம்மா, கேக்குதா? உங்களுக்காகத்தான் இந்த செட்டு. இப்ப நல்லாக் கேக்குதா உம்மா?"

என் காதில் என்ன விழுந்தது தெரியுமா? இடது பக்கம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்பதுதான். பேலன்ஸைத் திருகிச் சரிசெய்தேன். திருப்தியாக நிறுத்தி, கேசட்டை ரீவைண்டில் போட்டுவிட்டு வயர்களைக் கட்ட உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பின்வாசல் பக்கம் அரவம் கேட்டது. அந்த ஊரில் வீடுகளுக்கு நடுவே முடுக்கு என்று ஒடுக்கமான சந்துகள் உண்டு, பெண்கள் தெருவுக்கு வராமலே நடந்து போக. அந்த வழியாக ஒரு வயதான அம்மாள் வந்து நடைப் பக்கம் நின்றார். வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார். இடுப்பில் ஒரு நீளமான அட்டைப்பெட்டி, டேப் பிரிக்காதது. மூச்சு வாங்கியது. பாத்திமா முடுக்கு வழியாகச் சொல்லியனுப்பியிருக்கிறது என்று அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

"பிள்ளையோட பேச்சு வரலைண்டு சொன்னாங்க. இது வேணுமாமே. கொண்டாந்தேன்" என்றார் அந்த அம்மாள்.

நான் எழுந்து நின்று, மரியாதையாகத்தான் சொன்னேன். "வேண்டாம்மா. அது இல்லாமலே சரிபண்ணியாச்சு."

அவருக்குக் கேட்கவில்லை. காதில் கைவைத்துக் குனிந்தார். தெருவுக்கே கேட்கும்படி மறுபடியும் கத்தினேன். "பெட்டி வேண்டாம்மா! அது இல்லாமலே வந்துட்டு!"

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அப்படியா. சரி" என்றார்.

"மாமி, இருங்க மாமி. ஒரு தடவ கேட்டுட்டுப் போங்க" என்று பாத்திமா ஓடிவந்தது. பாத்திமாவின் தாயார் அடுக்களை வாசலில் நின்றிருந்தார். அவர் வாயிலிருந்து 'வாங்க' என்று ஒரு சொல் வந்திருந்தால் போதும். வரவில்லை.

"பெட்டி குடுக்கத்தான் வந்தேன்மா. வேணாம்ண்டு சொல்லிட்டாங்களே" என்று அந்த அம்மாள் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முடுக்கில் இறங்கிவிட்டார். எனக்குப் பின்னால் கேசட் சுற்றி முடித்து டக்கென்று நின்றது. அப்போது கூப்பிட்டு ஒரு பட்டன் அழுத்தியிருந்தால்கூடக் கேட்டிருப்பார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செட்டச் சரிபண்ணிட்டலே, வீட்டக் கெடுத்துட்டியே. ஒரு பொய் சொன்னா உன் சொத்தா போயிரும்?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. மெக்கானிக் பொய் சொல்லலாமா என்று அவரிடமே சண்டை போட்டேன்.

4. மறுபடியும் அதே வீடு

அடுத்த லீவில் ஜலீலே கடைக்கு வந்தார். கேசட்டில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். "அந்த நடுப் பெட்டிய மாட்டணும். உம்மா வீட்டுல கட்டிலுக்கு அடியில பிரிக்காமலே கிடக்குது" என்றார். போகிற வழியில் பஸ்ஸில் அவரே சொன்னார். "உம்மாவுக்குக் காது இப்ப சுத்தமா போச்சு. காதுக்குள்ள கத்தினா ஏதோ ஒண்ணு ரெண்டு வார்த்தை விழும். நான் வந்து முன்னால நின்னு கூப்பிடுறேன், என் வாயவே பாத்துக்கிட்டிருக்காங்க."

ஊரில் இறங்கினதும் அவரே போய், பெட்டியோடு தாயாரையும் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சம்பந்திமார் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடு ஸ்பீக்கரை மாட்டி, மோடை நார்மலுக்கு மாற்றி, கேசட்டைப் போட்டேன். நான் மாட்டின செட்டுகளில் அவ்வளவு சுத்தமான பேச்சை நான் கேட்டதில்லை. 'உம்மா, கேக்குதா?' என்று ஸ்பீக்கர் கேட்டது. வால்யூமை ஏற்றினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கடல் இரையிற மாதிரி ஏதோ வருது" என்றார் அந்த அம்மாள். "என்ன சொல்றான்?"

ஜலீல் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

இளைய மெக்கானிக் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க மீட்டர் இருக்கிறது, டெஸ்ட் டோன் இருக்கிறது. உங்கள் முன்னால் ஒருவர் ஒரு சாமானோடு வந்து நின்றால், அது எதற்கு என்று தெரியும்வரை 'வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். வாங்கி வையுங்கள். மாட்டிப் பார்க்க நேரமாகும், உட்காருங்கள் என்று சொல்லுங்கள்.

நான் பையை எடுக்கும்போது அந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். "அன்னைக்குப் பெட்டி வேணாம்ண்டு சொன்ன தம்பி நீங்கதானே?" குரலில் கோபம் இல்லை. அடையாளம் தெரிந்த சந்தோஷம்தான் இருந்தது.

அவர் அருகில் குனிந்தேன். "ஆமாம்மா. வேணும்னு சொல்லிருக்கணும். தெரியாமப் போச்சு" என்றேன்.

"கேக்கல மவனே. சத்தமாச் சொல்லுங்கோ."

பாயில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாத்திமா திரைக்கு அந்தப் பக்கம் நின்றது. மறுபடியும் சொல்லப் பார்த்தேன். வாய் மட்டும்தான் அசைந்தது.