பொட்டு வைத்த விசில்கள்

ஐம்பது விசில் வந்து இறங்கினால் அதில் பத்துதான் ஒழுங்காகப் பாடும்; மீதி நாற்பதைப் பாட வைப்பதுதான் என் பிழைப்பு. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இசைக்கருவிக் கடை வைத்திருக்கிறேன். கிட்டார் கம்பி, ஆர்மோனிய ரிப்பேர் எல்லாம் உண்டு, ஆனாலும் அதிகம் போவது இந்த விசில்தான். பெட்டியில் டின் விசில் என்று போட்டிருக்கும், குழாய் என்னவோ பித்தளை. ஆறு துளை, தலையில் பச்சை பிளாஸ்டிக் வாய். ஊதினால் உடனே சத்தம் வரும், விலையும் குறைவு. மலிவான சரக்கை வாங்கி, கை வலிக்க வேலை செய்து, நல்ல சரக்காக விற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

பச்சை விளக்கு

விசிலைக் கண்ணால் பார்த்து எடுக்க முடியாது. ஒவ்வொன்றாக ஊத வேண்டும். எல்லாத் துளையையும் மூடி மெல்ல ஊதினால் கீழே உள்ள சுரம் நடுங்காமல் நிற்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் அதே சுரம் தடங்கல் இல்லாமல் மேலே ஏற வேண்டும். போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து முன்னால் வைத்துக்கொள்வேன். பச்சை எரிந்தால் வலது பக்கம், சிவப்பு எரிந்தால் இடது பக்கம். இருபதாவது விசிலில் தலை சுற்றும், முப்பதாவதில் வாயெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். இடது பக்கம் மட்டும் குவிந்துகொண்டே போகும்.

பக்கத்துக் கடை ஜரிகை வியாபாரி நல்ல மனிதர், வருஷக்கணக்காக இதைச் சகித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தாங்க முடியாமல் என் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, காலையிலேர்ந்து ஊதிக்கினே இருக்கியே, ஒரு பாட்டையாவது முழுசா ஊதக்கூடாதா?"

வெந்நீர்

சில விசில்களில் எல்லாச் சுரமும் சரியான சுருதிக்கு மேலே ஒரே அளவுக்குத் தூக்கலாக இருக்கும். தலையைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சரியாகிவிடும், ஆனால் கம்பெனிக்காரர்கள் பசை போட்டு ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். கொதிக்கிற நீரில் தலையை மட்டும் ஒரு நிமிடம் முக்கி, துணியால் பிடித்துத் திருகினால் பசை விட்டுக்கொடுக்கும். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் பிளக்கும். கடையில் அடுப்பு இல்லாததால் எதிர் டீக்கடைக்குத்தான் கொண்டுபோவேன். முதல் தடவை ஒரு கட்டு விசிலோடு போய் நின்றபோது டீ மாஸ்டர் என்னையும் விசிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளரில் வெந்நீரை ஊற்றித் தள்ளி வைத்தார். "யக்கா, கையோட பிச்சிக்கினு வந்துச்சின்னா நான்தான் ஒடச்சேன்னு சொல்லக்கூடாது, ஆமா."

ஒட்டு

ஒரு சுரம் மட்டும் தூக்கலாக இருந்தால் அந்தத் துளையின் மேல் ஓரத்தில் மெல்லிய டேப் ஒட்டிக் கொஞ்சம் மறைப்பேன். வாயின் அடியில் உள்ள பள்ளத்தை மெழுகால் அடைப்பேன்; அடைக்காவிட்டால் மேல் சுரங்கள் கீச்சென்று கத்தும். இப்படி அரை நாள் பாடுபட்ட ஒரு விசிலைத்தான் நெசவாளர் ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். மகள் பவித்ராவுக்குப் பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில் விசிலும் சொல்லித் தருகிறார்கள், அவளுக்கென்று சொந்தமாக ஒன்று வேண்டும் என்று வந்திருந்தார்.

அவர் விசிலை ஊதவில்லை. வெளிச்சத்தில் பிடித்து, புடவையில் பழுது பார்ப்பதுபோல விரலால் தடவிக்கொண்டே போனார். டேப் வந்ததும் விரல் நின்றது. ஊதிக் காட்டினேன், ட்யூனரைக் காட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை. இடது பக்கக் குவியலிலிருந்து பளபளவென்று ஒன்றை அவரே பொறுக்கினார். அது தேறாத கேஸ், பசை போட்ட தலை. "அதுக்காவது வேலை செஞ்சு தரேன், விட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். "வேணாம்மா. பொடவையில இப்டி ஒட்டு இருந்திச்சின்னா மொதலாளி எம் மூஞ்சிலயே வீசுவாரு. எம் பொண்ணுக்கு நான் இத்தப் போயி குடுக்கவா?"

பென்சில் எழுத்து

அடுத்த மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் அமுதா வந்தாள். நிரந்தர வேலை இல்லை, பாட்டு பீரியட் இருக்கிற வரைதான் அவளும் இருப்பாள். ஆண்டு விழாவில் இருபது பெண்கள் சேர்ந்து விசில் வாசிக்க வேண்டும். நன்றாக வந்தால் பாட்டு பீரியட் தொடரும், இல்லாவிட்டால் அதைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாராம். பத்தொன்பது விசில் போதும், ஒருத்தியிடம் சொந்தமாக இருக்கிறது என்றாள். யார் அந்த ஒருத்தி என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தது.

ஒரு விசிலைச் சுருதி சேர்ப்பது வேறு, பத்தொன்பது விசில்களை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைப்பது வேறு. கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்குப் புரியும். இரண்டு வாரம் இழுத்து, ஒட்டி, மெழுகு வைத்துக் கொடுத்தேன். வேலை முடிகிற வரை அமுதா நாள் தவறாமல் வந்து பார்த்தாள். அவசரப்படுத்தாதே என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும் அவசரமில்லக்கா. கணக்கு சார்தான் டைம் டேபிள்ல என் பீரியடு மேல இப்பவே பென்சில்ல அவர் பேர எழுதி வெச்சிருக்காரு."

புளி

ஆண்டு விழா அன்று மாலை, நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அமுதா போன் செய்தாள். அழுகைக்கு நடுவே விசில் என்ற வார்த்தைதான் காதில் விழுந்தது. போட்டது போட்டபடி ஆட்டோ பிடித்துப் போனேன். மேடைக்குப் பின்னால் இருபது பெண்கள் பட்டுப் பாவாடையில் வரிசையாக நின்றார்கள். விசில்கள் கண்ணைப் பறித்தன. ஊதச் சொன்னேன். என் ஆயுளில் அப்படியொரு சத்தம் கேட்டதில்லை.

அதுவரை பள்ளி அலமாரியில் பூட்டியிருந்த விசில்களை முந்தின நாள்தான் அமுதா பெண்களிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குத் தேய்க்கிற கைகள், பித்தளையைக் கண்டால் சும்மா இருக்குமா? அம்மாக்கள் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். டேப்பை அழுக்கென்று உரித்து, மெழுகை ஊக்கால் நோண்டி எடுத்து, தலையைக் கடைசிவரை உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார்கள். டேப் எதற்கு என்று ஒரு வார்த்தை நான் சொல்லியனுப்பியிருக்கலாம். அமுதா சுவரில் சாய்ந்து நின்றாள். "நான்தாங்க்கா சொன்னேன், நாளைக்கு எல்லாம் பளபளன்னு வரணும்னு. நான் ட்ரெஸ்ஸத்தான் சொன்னேன்."

பொட்டு

டேப் கடையில் கிடந்தது, போய் வர நேரமில்லை. பக்கத்து அறையில் பரதநாட்டியப் பெண்களுக்கு மேக்கப் நடந்துகொண்டிருந்தது. மேஜைமேல் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் கிடந்தன. சின்னது, பெரியது, நீளமானது. யாரையும் கேட்காமல் அள்ளிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றாகத் தலையை இழுத்து, ஊதி, துளையின் ஓரத்தில் பொட்டு வைத்தேன். மெழுகுக்கு வழியில்லை. மேல் சுரம் வரும் சரணத்தை வெட்டிவிடு, மெல்ல ஊதச் சொல் என்று அமுதாவிடம் சொன்னேன்.

பத்தொன்பது முடிந்தது. இருபதாவதாகப் பவித்ரா நின்றாள். அவள் அப்பா பொறுக்கிய விசில், பசை போட்ட தலை அசையவில்லை, வெந்நீருக்கு எங்கே போவேன்? அவளிடம் குனிந்து, விரலை மட்டும் அசை, ஊதாதே என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பாட்டு ஒருவழியாகத் தேறியது. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிந்தது. தலைமையாசிரியை மைக்கிலேயே பாட்டு பீரியட் தொடரும் என்று சொன்னார். அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாற்காலி தேடி உட்காரப் போனேன். எதிரே ஏகாம்பரம், கண்ணெல்லாம் ஈரம், பக்கத்தில் பவித்ரா தரையைப் பார்த்துக்கொண்டு. "பாத்தியாம்மா? அத்தினி பேர் ஊதியும் எம் பொண்ணு ஊதனது மட்டும் தனியா கேட்டுச்சி. ஒட்டு இல்லாத விசிலு, அதான்."

பத்தொன்பது விசில்களைப் பாட வைத்த எனக்கு அன்று கிடைத்த ஒரே விமர்சனம் வாயே திறக்காத இருபதாவதைப் பற்றியது என்பதால், இந்தத் தொழிலில் என் கைக்கு என்ன மதிப்பு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.