குப்பைக்கூடை சொன்ன நல்ல செய்தி

ஆஸ்பத்திரித் துணிகளைப் பிரித்துச் சலவைக்குப் போடுவது எங்கள் வேலை. ரத்தம், சீழ், வாந்தி, வாயால் சொல்லக் கூசுகிற மற்றதெல்லாம் எங்கள் மேசைமேல்தான் வந்து விழும். புதிதாகச் சேர்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் உயரக்காரி ஓடவில்லை. கையுறையை முழங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "பாவம், நோயாளிங்க வேணும்னா பண்ணாங்க?" என்று மூட்டையைப் பிரித்தாள். எனக்கு அவளை அன்றைக்கே பிடித்துவிட்டது.

இத்தனை வருடம் அந்த மேசையில் நின்றும் எனக்கு வயிற்றைப் புரட்டியதில்லை. புரட்டியது நெட்டை வீட்டு முன்னறையில். பளபளவென்று துடைத்த தரை, சன்னலில் துவைத்த திரை, தட்டில் பிஸ்கட். அங்கே உட்கார்ந்துதான் எனக்குக் குமட்டியது.

நெட்டையின் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியவன். கல்யாணமானதும், வீட்டில் இன்னொரு அறை கட்டிய பிறகு குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றான். அவனே அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கருத்தடை ஊசி போடவைத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காதும் காதும் வைத்த மாதிரி. "அம்மாவுக்குத் தெரிஞ்சா உயிரை விட்டுடுவாங்க. நேரம் பாத்து நானே பக்குவமா சொல்றேன்" என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அம்மா 'இன்னும் ஒண்ணும் இல்லையாடா' என்று கேட்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டு, "நம்ம கையில என்னம்மா இருக்கு?" என்பான். நடிப்பில் அவனுக்குப் பரிசே கொடுக்கலாம்.

நெட்டைக்குக் குழந்தை ஆசை உண்டு. கொள்ளை ஆசை. குழந்தைகள் வார்டுத் துணி உலர்ந்து வந்தால் எங்களைத் தொடவிடமாட்டாள், அவளேதான் மடிப்பாள். அறை கட்டி முடிந்தது. ஊசியை நிறுத்தினார்கள். "மாதவிலக்கு ஒழுங்காகறதுக்குக் கொஞ்ச மாசம் பிடிக்கும், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். பயப்படாம இரும்மா" என்று நர்ஸ் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள். இரண்டு பேரையும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பயப்படாமல் இருக்க மாமியார் விட்டால்தானே? பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொண்டுவந்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை எதிரிலேயே நிற்பாள். பெயர் தெரியாத ஒரு பச்சை எண்ணெய், அதை அடிவயிற்றில் தேய்க்க வேண்டுமாம். வேலைக்கு வந்தால் எங்கள் அழுக்கு மூட்டையையும் மீறி அந்த நாற்றம் அடிக்கும். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான்.

ஒருநாள் காலை நெட்டை குளியலறைக் கதவைத் திறந்தால், மாமியார் குந்தி உட்கார்ந்து குப்பைக்கூடையைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். வெறுங்கையால். நாங்களே கையுறை இல்லாமல் தொடமாட்டோம்! மருமகளுக்கு மாதவிலக்கு வந்ததா, வரவில்லையா என்று கூடையிலே வேவு பார்க்கிறாள். மாட்டிக்கொண்ட வெட்கம்கூட இல்லை. எழுந்து நெட்டையின் கன்னத்தை அதே கையால் வழித்தாள்.

"ஏன்டி மறைச்ச? நானும் ரொம்ப நாளா பாத்துட்டுத்தான் இருக்கேன், ஒரு துணி விழல!"

"அப்படியெல்லாம் இல்லத்தை. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல."

"முதல்ல எல்லாம் அப்படித்தான் காட்டும். எனக்குத் தெரியாதா?"

ஊசியின் மிச்சத்தால் மாதவிலக்கு நின்றுபோனதைக் கர்ப்பம் என்று முடிவு கட்டிவிட்டாள். மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் பறந்தது. எங்கள் சூப்பர்வைசருக்கும் பேசி, பளு தூக்கவைக்காதீர்கள் என்று உத்தரவே போட்டுவிட்டாள். புருஷன் என்ன செய்தான் தெரியுமா? கடையில் எல்லாருக்கும் சாக்லேட் வாங்கிக் கொடுத்தான். டெஸ்டில் ஒற்றைக் கோடு விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்தவன்! "சந்தோஷமா இருக்காங்க, இப்ப போய் எப்படிச் சொல்றது? ரெண்டு நாள் போகட்டும்" என்றானாம். இதை நெட்டை என்னிடம் சொன்னபோது நான் வைத வசவை இங்கே எழுத முடியாது.

பிறகு ஒருநாள் வேலை நடுவில் நெட்டை ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வந்துடுச்சுக்கா! தானா வந்துடுச்சு!"

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. உடம்பு பழையபடி ஆகிவிட்டது, இனி குழந்தைக்கு வழி திறந்தது என்று அர்த்தம். நர்சும் போனில் அதைத்தான் சொன்னாள். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில் அதற்குப் பெயர் கருச்சிதைவு.

கூடையைப் பார்த்ததும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அலறியிருக்கிறாள். விடுமுறை நாளில் நான் பார்க்கப் போனேன். முன்னறையில் பெரிய நாத்தனாரும் சின்ன மாமியாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். நெட்டை சுவரோரம் நின்றாள். புருஷன் டீ தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

மாமியார் என்னைப் பார்த்ததும் குரலை ஏற்றினாள். "பொணத்துணி மூட்டையைத் தூக்கித் தூக்கி என் பேரப்பிள்ளையைக் கொன்னுட்டா! இவளெல்லாம் பொம்பளையா?"

நெட்டை அவளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "சொல்லுங்க" என்றாள்.

அறையே அவனைப் பார்த்தது. அவன் தம்ளரைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "விடும்மா. அடுத்த தடவை ஜாக்கிரதையா இருக்கச் சொல்றேன்" என்றான்.

கொடுத்த பிஸ்கட்டை நான் தட்டிலேயே திருப்பி வைத்தேன். நெட்டை, மேசையில் துணி பிரிக்கும் நிதானத்தில், ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊசி, கிளினிக், வாங்கிய சத்தியம், நர்ஸ் சொன்னது. "கலையறதுக்கு வயித்துல எதுவுமே இல்லத்தை. உங்க பையனுக்கு எல்லாம் தெரியும்."

"நெசமாடா?" என்றாள் மாமியார்.

அவன் கொஞ்சம் யோசித்தான். யோசித்துத்தான் சொன்னான், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லம்மா."

மாமியாரின் முகம் தெளிந்தது. நாத்தனார் இன்னொரு பிஸ்கட் எடுத்தாள். நெட்டை உள்ளே போனாள், அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு வந்து, "போலாம்க்கா" என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்கு அவன் பின்னாலேயே ஓடிவந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மா முன்னாடி வேற என்ன சொல்ல முடியும், நீயே சொல்லு? அதான் உடம்பு சரியாயிடுச்சே. இப்பத்தான் நல்ல நேரம். நீ ஆசைப்பட்ட குழந்தை, வா வீட்டுக்கு" என்று அவள் தோளில் கையை வைத்தான்.

நெட்டை அந்தக் கையை இரண்டு விரலால் எடுத்துக் கீழே விட்டாள்.

"அந்த ஆசை இன்னும் இருக்கு. அதனாலதான் உங்களோட வரல."