முகத்துக்கு ஒரு வாரம், முதுகுக்குப் பத்து நாள்

மல்சுக்குக்கு மனிதர்களை முதுகை வைத்துத்தான் அடையாளம் தெரியும். தெருவில் யாராவது நின்று சிரித்தால் யாரென்று தெரியாமல் விழிப்பாள். அதே ஆள் திரும்பி நடந்தால் போதும், நடையும் தோளும் பார்த்து, "அட, இடது பக்கம் மச்சம் இருக்கிற தையல்காரி" என்று பிடிபட்டுவிடும். கொரியாவில், பூசான் நகரத்தின் வெந்நீர் ஊற்றுப் பகுதியில், பெண்கள் குளியல் கூடத்தில், இருபத்தொன்பது வருடமாக வருகிறவர்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடுவது அவள் வேலை.

நீராவிக்கு நடுவே ரப்பர் விரித்த ஒரு கட்டில். கையில் பச்சை நிறச் சொரசொரப்புத் துணி. கறுப்பு உள்ளாடை மட்டும்தான் அங்கே அவளுக்குச் சீருடை. முதுகு முடிந்ததும் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவாள். திரும்பிப் படு என்று அர்த்தம். நீதிபதி வீட்டம்மாவானாலும் நண்டு விற்கிறவளானாலும் இரண்டு தட்டுக்குத் திரும்பியே ஆக வேண்டும். பேச்சுக்கு அங்கே நேரமும் இல்லை, மல்சுக்குக்குப் பேச வரவும் வராது.

அப்படிப்பட்டவளை அவள் மகள் தாசொம் ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் இழுத்துக்கொண்டு போய்த் தோல் கிளினிக்கில் உட்கார வைத்தாள். கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம். அன்று இரண்டு அம்மாக்களும் கைகோத்து நடந்து மேடைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். எல்லார் கண்ணும் அவர்கள் மேல்தான். மாப்பிள்ளை தேயுனின் அம்மாவை மல்சுக் ஒரே ஒரு தரம், பெண் பேசிய விருந்தில் பார்த்திருக்கிறாள். அறுபது வயதில் கழுவிய பேரிக்காய் மாதிரி ஒரு முகம். அந்த முகத்துக்குப் பக்கத்தில் தன் முகம் என்று நினைத்தபோது அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிளினிக்கில் ஆலோசனை சொல்லும் பெண் மல்சுக்கின் கன்னத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டினாள். ஊரார் உடம்பையெல்லாம் கிட்டத்தில் பார்த்தவளுக்குத் தன் கன்னத்தைப் பார்க்க முடியவில்லை.

"அம்மா, ரெண்டு வழி இருக்கு," என்றாள் அந்தப் பெண். "ஒண்ணு பளபளப்பு ஃபேஷியல். கல்யாணத்துக்கு மொத நாள் காலைல வந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். மூஞ்சி கண்ணாடி மாதிரி மின்னும். ஒரு வாரம் இருக்கும், அப்புறம் பழையபடிதான். இன்னொண்ணு, தோலே தன்னைத் தானே புதுசா வளத்துக்கிற மாதிரி ஊசி. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, நாலு தடவை. சால்மன் மீன்ல இருந்து எடுக்கிற மருந்து. மெதுவாத்தான் தெரியும், ஆனா நிலைக்கும்."

"மீனா?" என்றாள் மல்சுக். "நாள் பூரா தண்ணியில நிக்கிறவளுக்கு மீனை வேற ஊசியில ஏத்தணுமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். "ஒண்ணே ஒண்ணும்மா. ஊசின்னா அந்த மாசங்கள்ல வெந்நீர், நீராவி கிட்டயே போகக் கூடாது. உங்க கன்னத்துல இருக்கிற இந்தக் கறுப்பே சூட்டுல வந்ததுதான். முடிஞ்ச பிறகும் தினம் ஆவியில நின்னீங்கன்னா போட்டதெல்லாம் வீண். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

மல்சுக் வாயைத் திறப்பதற்குள் தாசொம் முந்திக்கொண்டாள். "அம்மா தோல் பராமரிப்புல இருக்காங்க."

இருவரும் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள்.

"சம்பந்தி வீட்லயும் இதைத்தான் சொல்லி வச்சிருக்கியா?" என்று கேட்டாள் மல்சுக்.

தாசொம் பேருந்து வரும் திசையையே பார்த்தாள். "பொய் ஒண்ணும் இல்லையே. தோலுதானே."

"நல்லாத்தான் சொல்லியிருக்க."

"அம்மா, நீ ஊசியே போட்டுக்க. அந்தச் சாக்குல வேலையையும் விட்டுரு. ராத்திரியெல்லாம் இருமுற. சாப்பிடுற குச்சியைப் புடிக்கக்கூட மணிக்கட்டு வலிக்குதுங்கிற. நான் வெக்கப்பட்டுச் சொல்றேன்னு நெனைக்கிறியா?"

"கொஞ்சம் வெக்கமும் இருக்குல்ல?"

பேருந்து வந்துவிட்டது.

மல்சுக்குக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். தகப்பன் போனபோது தாசொம் ஒன்பது வயதுப் பிள்ளை. பள்ளி விட்டதும் நேரே குளியல் கூடத்துக்கு வந்து, துணி மாற்றும் அறையில் வாழைப்பழப் பாலை உறிஞ்சிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். சனிக்கிழமை கடைசி ஆளாக அவள் கட்டிலில் ஏறுவாள். பரீட்சைக்கு முன்னால் ஒரு தேய்ப்பு, பண்டிகைக்கு முன்னால் ஒரு தேய்ப்பு. பதினாறு வயதில் ஒருநாள் வகுப்புத் தோழி ஒருத்தி அம்மாவோடு அங்கே குளிக்க வந்தாள். அதோடு தாசொம் வருவது நின்றது. மல்சுக் ஏன் என்று கேட்டதில்லை, தெரிந்த பதிலைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அந்த வாரம் முழுக்க அவள் யோசித்தாள். ஊசியின் மேல் அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. மெதுவாக வந்து நிலைக்கிறது என்ற பேச்சே அவளுக்குப் பிடித்திருந்தது. தன் கை செய்வது எதுவுமே நிலைக்காது. எவ்வளவு பாடுபட்டுத் தேய்த்தாலும் பத்து நாளில் அழுக்கு திரும்பிவிடும், அந்த முதுகும் திரும்ப வரும். ஆனால் வேலையை விட்டுவிட்டால் இந்தக் கையை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வது? புது முகத்தோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதா? அதை நினைத்தபோது பயமாக இருந்தது.

"ஒரு வாரப் பளபளப்பே எனக்குப் போதும்," என்று மகளிடம் சொன்னாள்.

"ஒரு வாரத்துக்கு அப்புறம்?"

"கல்யாணமே முக்கால் மணி நேரம்தானேடி. ஒரு வாரம் எதுக்கு, அதுவே மிச்சம்."

தாசொம் இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை காலை, மல்சுக் ஃபேஷியல் செய்துகொண்டாள். குளிர்ந்த பசை, ஏதோ காற்று, ஏதோ விளக்கு. எழுந்து கண்ணாடி பார்த்தால் சத்தியமாக மின்னியது. ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் வழுக்கியது. "மூணு நாளைக்கு வெந்நீர், ஆவி, தேய்க்கிறது எதுவும் ஆகாது. மேல் தோல் இப்ப ரொம்ப மெலிசு," என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள். மல்சுக்கும் வேலைக்கு விடுப்புச் சொல்லி, பதில் ஆள் ஒருத்தியை நிறுத்தியிருந்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மதியம் மூன்று மணிக்குக் கேயோக்கிடமிருந்து தொலைபேசி. குளியல் கூடத்தில் முட்டையும் குளிர்பானமும் விற்கிறவள், வாயை அடக்கத் தெரியாதவள்.

"அக்கா, சொல்லாதேன்னு சொல்லியிருக்கா, ஆனா சொல்லாம இருந்தா எனக்கு வயிறு வலிக்கும். உன் பொண்ணு வந்திருக்கா. கல்யாணக் கவுனுக்கு முதுகு தொறந்திருக்காம். புது ஆள்கிட்ட தேச்சுக்கப் போறா. தன் முறைக்காக லாக்கர் சாவியை வரிசையில மாட்டியாச்சு."

"புது ஆள்கிட்டயா?"

"உன் மூஞ்சி கெட்டுறக் கூடாதாம். அவ நல்லதுக்குத்தான் செய்யிறா, விட்டுரு அக்கா. அவளுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆள்தான், அதைக் கேட்டுட்டு உள்ள போயிட்டா."

மல்சுக் தொலைபேசியைப் பட்டென்று வைத்தாள். கோபமா, பொறாமையா என்று அவளுக்கே தெரியவில்லை. பதினைந்து வருடம் கழித்து அந்த முதுகு அந்தக் கட்டிலுக்கு வந்திருக்கிறது, அதில் இன்னொருத்தி கை வைப்பதா? அந்தப் புது ஆளுக்குக் கனத்த கை வேறு. கோடு கோடாகச் சிவக்க வைத்து அனுப்பிவிடுவாள். ஐந்து நிறுத்தம் பேருந்தில் போகப் பொறுமை இல்லாமல் வாடகைக்கார் பிடித்தாள்.

அவள் உள்ளே நுழையும்போது தாசொம் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். புது ஆள் துணியை நனைத்துக்கொண்டிருந்தாள். மல்சுக் நேரே போய் அவள் கையிலிருந்து பச்சைத் துணியை வாங்கினாள்.

தாசொம் தலையைத் தூக்கினாள். "அம்மா! மூஞ்சி! நீ ஏன் உள்ள வந்த? வெளிய போ, ஆவியடிக்குது!"

"வாயை மூடிட்டுப் படு."

"காலைலதான பண்ணிட்டு வந்த? அழகா இருக்கும்மா. போம்மா!"

"மூஞ்சி கெடக்குது. படுடீ."

அவள் படுத்தாள். மல்சுக் இரண்டு வாளி வெந்நீரை மெதுவாக ஊற்றினாள். முதுகு அதே முதுகுதான். சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்த தழும்பு இடுப்புக்கு மேலே அப்படியே இருந்தது, கொஞ்சம் நீண்டிருந்தது, அவ்வளவுதான். சிவக்காத அளவுக்கு, ஆனால் ஒரு இடமும் விடாமல் தேய்த்தாள். தன் முகத்தில் ஊசி குத்துவது போல் எரிச்சல் ஏறியது. வியர்வையைத் துடைக்கத் துடைக்க இன்னும் எரிந்தது. நிறுத்தவில்லை.

"அம்மா," என்றாள் தாசொம், முகத்தைக் கட்டிலில் புதைத்தபடியே. "நான் வராம இருந்தது உன்மேல கோவத்துல இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

மல்சுக் பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டினாள். மகள் திரும்பிப் படுத்தாள். அவள் கண் சிவந்திருந்தது, மல்சுக் அதை ஆவியின் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

மறுநாள் காலை மல்சுக்கின் முகம் பழுத்த தக்காளியாக இருந்தது. ஒப்பனை செய்கிறவள் மூன்று தடவை பூசியும் சிவப்பு மேலே வந்துகொண்டே இருந்தது. பக்கத்து நாற்காலியில் நீல உடுப்பில் சம்பந்தியம்மாள், ஒரு சுருக்கம் இல்லாமல். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த முகம் அழகாகத்தான் இருந்தது.

"சம்பந்தியம்மா, என்ன ஆச்சு முகத்துல?" என்று அவள் பதறிக் கேட்டாள்.

மல்சுக் முன்பே யோசித்து வைத்திருந்தாள். ஃபேஷியல் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். "அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"என்னாலதான் அத்தை," என்றாள் தாசொம். அவள் கவுனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நேத்து அம்மா எனக்கு முதுகு தேச்சு விட்டாங்க. ஆவியில நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தும் வந்து நின்னாங்க. அம்மா குளியல் கூடத்துல அழுக்குத் தேய்க்கிறவங்க. இருபத்தொன்பது வருஷமா. அந்தக் கைதான் என்னைப் படிக்க வச்சது. நான் உங்ககிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

ஒப்பனைக்காரியின் தூரிகை அந்தரத்தில் நின்றது. முகம் எவ்வளவு சிவந்தாலும் இனி வித்தியாசம் தெரியாது என்பது மட்டும் மல்சுக்குக்கு நிம்மதியாக இருந்தது. சம்பந்தியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு "நேரமாச்சு, போலாமா?" என்று மட்டும் சொன்னாள். மல்சுக்கால் அந்தக் குரலிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இசை தொடங்கியது. இரண்டு அம்மாக்களும் கைகோத்து நடந்தார்கள். பாதி வழியில், விருந்தினரைப் பார்த்துச் சிரித்த முகம் சிரித்தபடியே இருக்க, சம்பந்தியம்மாள் உதடு அசையாமல் பேசினாள்.

"சம்பந்தியம்மா, இந்த நாளுக்காக ஒரு வருஷமா நான் மீன் ஊசி போடுறேன். அதுக்கு முன்னாடி வேற ஏதோ. ஒரு வருஷமா வெந்நீர்ல எறங்கல."

"ஒரு வருஷமா?" மல்சுக் நடையே தவறிவிட்டாள். பூசானில் பிறந்தவளுக்கு அது பட்டினி.

"முதுகெல்லாம் நமைச்சல். நேத்து ராத்திரி கதவு நெலையில சாஞ்சு சொறிஞ்சிட்டு நின்னேன். அடுத்த வாரம் உங்ககிட்ட வரலாமா?"

"கடைசி ஊசி எப்ப போட்டீங்க?"

"பதினெட்டு நாள் ஆச்சு."

"அப்ப திங்கக்கிழமையே வாங்க. ஆவி பக்கம் முகத்தைக் காட்டாம, துணி போத்தித் தேச்சு விடுறேன்."

இரண்டு பேரும் மெழுகுவத்தியை ஏற்றினார்கள். சம்பந்தியம்மாளின் தோள் சிரிப்பில் குலுங்கியதைப் பின்வரிசைக்காரர்கள் அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் மணமக்கள் பெண் வீட்டாரை வணங்கினார்கள். தாசொம் நிமிர்ந்தபோது கன்னத்தில் கண்மை வழிந்திருந்தது. மல்சுக் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. மகளின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அந்தக் கை அப்படித் தட்டினால் தாசொமின் உடம்புக்கு ஒரே அர்த்தம்தான். யோசிக்காமல் சட்டென்று திரும்பிவிட்டாள். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் தானும் திரும்பினான். மண்டபமே சிரித்தது, தாசொமும் அழுதுகொண்டே சிரித்தாள்.

மல்சுக்குக்கு அந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு சிவப்பு இல்லை, விளக்கு அதன்மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. பத்து நாள் தாங்கும். பதினோராம் நாள் அவள் வருவாள்.