மேடத்தின் சனிக்கிழமை இங்கிலீஷ்

மேடம் உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நெய்வேலியில் அதிகாரிகளுக்கான பெரிய குவார்ட்டர்ஸ் ஒன்றின் வராந்தாவில் அது கிடக்கும். கீழே ஜமுக்காளத்தில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள், மைன்ஸில் ஷிப்ட் பார்க்கிறவர்களின் மனைவிமார், நோட்டும் பேனாவுமாகக் குந்தியிருப்போம். எழுபதுகளின் கடைசி அது. இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் குழந்தையைச் சேர்க்க வேண்டுமென்றால் அம்மாவையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராவிட்டால் சீட் இல்லை என்று பேச்சு. காடாம்புலியூரில் எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு, மகளை எப்படியாவது அங்கே சேர்த்துவிட வேண்டும் என்று வெறி. அதனால்தான் என் கணவருடைய இன்ஜினியரின் மனைவியான இந்த மேடத்திடம் சனிக்கிழமைதோறும் போய்ச் சிறுமைப்பட்டேன்.

பாடம் எப்போதும் ஒன்றுதான். ஒன்றுக்கொன்று மாறிப்போகிற வினைச்சொற்களை இரண்டிரண்டாகப் பிடித்து வைப்பார். ஸே, டெல். லெண்ட், பாரோ. டீச், லேர்ன். என்ன வித்தியாசம் என்று நிதானமாக விளக்கிய நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. யாராவது மாற்றிச் சொல்லட்டும் என்று கொக்குபோலக் காத்திருப்பார். தப்புச் சொன்னவள் எழுந்து நிற்க வேண்டும். இன்னொரு தடவை சொல்லும்மா, எல்லாரும் கேட்கட்டும் என்பார். சொன்னதும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ‘வூடு’ என்கிற வாய்க்குள் இங்கிலீஷ் எப்படி நுழையும் என்று ஒருமுறை கேட்டார். பிரிங் என்றால் கொண்டு வருவது. அதை மட்டும் அவர் சொல்லாமலே கற்றுக்கொண்டோம். நாங்கள் கொண்டு வந்த முந்திரியும் பலாச்சுளையும் உள்ளே போகும், உள்ளேயிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் வந்ததில்லை. இப்போது செல்போனில் யாரோ ஒரு பெண் இதே பாடத்தைப் பத்து நிமிஷத்தில் புரிய வைத்துவிடுகிறாள். மேடத்துக்கே சரியாகத் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அற்பனுக்கு வாழ்வு வந்த கதைதான்.

இன்டர்வியூ அன்று நானும் என் கணவரும் மகளோடு போனபோது தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் மேடமும் உட்கார்ந்திருந்தார். பள்ளிக் கமிட்டியில் இருந்தாராம். வீட்டில் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தருவது யார் என்று தலைமையாசிரியை இங்கிலீஷில் கேட்டார். பதற்றத்தில் டீச் என்பதற்குப் பதில் லேர்ன் என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியை ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மேடம்தான் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனார்.

“இன்னொரு தடவை சொல்லும்மா. ஹெச்.எம். நல்லா கேக்கட்டும்.”

சொன்னேன். சிரித்தார். பிறகு குழந்தையிடம் பெயர் கேட்டார்கள். தன் பெயர், அப்பா பெயர், இரண்டு ரைம்ஸ், எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், “எங்கம்மாவப் பாத்து நீ சிரிக்காத” என்றாள். தலைமையாசிரியை எங்கள் விண்ணப்பத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

வெளியே சைக்கிளை எடுக்கப் போன எங்களை மேடம் பின்னாலேயே வந்து நிறுத்தினார். குழந்தைக்கு முதலில் மரியாதை கற்றுக்கொடுக்கும்படி என் கணவரிடம் சொன்னார். என் கணவரின் ஷிப்டும் புரமோஷனும் இந்த அம்மாளின் வீட்டுக்காரர் கையில் இருந்தன. அதிகாரி வீட்டு நாய்க்குக்கூட ‘ங்க’ போட்டுப் பேசுகிற மனிதர் என் கணவர். இவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து எனக்கு நெஞ்செரிந்தது.

“கத்துக் குடுத்துதாங்க வச்சிருக்கோம்” என்றார். “புள்ள ஆளு பாத்துக் குடுக்குது.”

சீட் கிடைக்கவில்லை. மகளைத் தமிழ் மீடியத்தில் சேர்த்தோம். இத்தனை வருஷத்தில் அந்தச் சீட்டுக்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.