மூன்று நிமிடம் அசையாதவர்

கட்டடங்களைப் படம் பிடிப்பது அவர் தொழில். எந்நேரமும் கோணம் பார்த்துக்கொண்டு திரிவதால் கோணலக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. நாற்பது மாடிக் கட்டடத்தின் முன்னால் நடுத்தெருவில் மல்லாந்து படுப்பார். காய்ந்த தரையில் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டி, அந்தக் குட்டையில் கட்டடத்தைத் தலைகீழாக நிற்க வைப்பார்.

“ஏன்க்கா, நிமிர்ந்து நிக்கிற கட்டடத்துக்கு நீ ஏன் படுத்துக்கிறே?” என்று தம்பி சீண்டுவான்.

“பெரிய மனுஷங்களைக் கீழேருந்து பார்த்தாத்தான்டா மூக்கு ஓட்டை தெரியும்.”

புதிதாகக் கட்டிய அலுவலகம் ஒன்றின் முதலாளி அவரை அழைத்தார். ஆறு மாடி உயரத்துக்குத் திறந்த கூடம், கண்ணாடிக் கூரை. நடுவில் யானை படுத்ததுபோல் ஒரே கல்லாலான இருக்கை. அதன் பின்சுவரில் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை: ‘துப்புரவுப் பணியாளர்கள் இங்கே அமரக் கூடாது.’ கல்லுக்கும் தீட்டு ஒட்டும் என்று கண்டுபிடித்த விஞ்ஞானி யாரோ!

கூடத்தைத் துடைக்கும் அம்மாவுக்கு முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ஒருமுறை அந்தக் கல்லில் உட்கார்ந்து பிடிபட்டிருந்தார். மறுமுறை உட்கார்ந்தால் வேலை போய்விடும்.

“ஈ காக்கா இருக்கக் கூடாது. நான் மட்டும் நிப்பேன். பிரம்மாண்டமா வரணும்” என்றார் முதலாளி.

கோணலக்கா லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். அதை மாட்டினால் காமிரா மூன்று நிமிடம் கண் இமைக்காமல் பார்த்தால்தான் படம் விழும். நடமாடுபவர்கள் சுவடில்லாமல் கரைந்துபோவார்கள். அசையாதது மட்டுமே பதியும்.

“சார், மொதல்ல ஒரு சோதனைப் படம். கல்லோட அளவு தெரிய யாராவது உட்காரணும்.”

“ஏய், நீ போய் உட்காரு!” என்று முதலாளியே துப்புரவு அம்மாவுக்கு உத்தரவு போட்டார். காவலாளியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோணலக்கா அந்த அம்மாவிடம் குனிந்து, “படம் வெளியே வந்தாலும் வரும்மா. பரவால்லயா?” என்றார்.

“உட்காரச் சொன்னதே அவர்தானே கண்ணு. நல்லா எடு. நான் இப்போதைக்கு எந்திரிக்கிறதா இல்ல.”

காமிரா திறந்தது. “நீங்களும் அசையாம நில்லுங்க சார்.”

“எனக்கே சொல்லித் தர்றியா?” என்றவரின் கைபேசி அலறியது. பேசிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தார், தூணை ஓங்கித் தட்டினார், காவலாளியை ஏசினார். மூன்று நிமிடம் முடிந்தது. அடுத்த படத்துக்கு நிற்க அவருக்கு நேரமில்லை.

படத்தைப் பார்த்த, அந்தக் கட்டடத்தை வடிவமைத்த பொறியாளர் துள்ளிக் குதித்து அதைப் பெரிய பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். அட்டையில் போடுகிறோம், அந்த அம்மா உட்கார்ந்திருப்பதால்தான் கூடத்தின் உயரமே தெரிகிறது என்று பதில் வந்தது.

முதலாளி படத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். “இதுல நான் எங்கேம்மா?”

“நடந்துக்கிட்டே இருந்தீங்க சார். காமிராவுக்கு நீங்க காத்து மாதிரி.”

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. உட்கார்ந்திருந்த அம்மாவின் தலைக்கு மேலே, கிரீடம் வைத்ததுபோல் அந்தப் பலகை. ஒவ்வொரு எழுத்தும் துல்லியம்.

“ஐயய்யோ, ஊரே சிரிக்கும்! இந்தப் பலகையை மட்டும் அழிச்சுக் கொடு.”

அழிக்க அரை நிமிடம் போதும். கோணலக்கா முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார். “படத்துல அழிக்க ஒரு வாரம் ஆகும் சார். பத்திரிகைக்கு நாளைக்கே வேணுமாம். சுவர்ல அழிக்கிறதுன்னா ஒரு திருப்புளி போதும். இன்னிக்கே புதுசா எடுத்துடலாம்.”

அட்டைப்பட ஆசை வென்றது. காவலாளி பலகையைக் கழற்றினார். கழன்ற நான்கு திருகுகளையும் கல்லில் உட்கார்ந்தபடியே கை நீட்டி வாங்கிக்கொண்டார் துப்புரவு அம்மா.

“திரும்ப மாட்டுறதுன்னா கேளுங்கண்ணே, தர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தன் சுருக்குப் பையை இறுக்கிக் கட்டினார்.

கோணலக்கா காமிராவைத் திறந்தார். முதலாளி இம்முறை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

கைபேசி அலறியது.